வீட்டுச் சுவரைப் பழைய காரைச் சுவர் போல ஆக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச் சுவரை இரண்டு மூன்று தலைமுறை புழங்கிய காரைச் சுவர் (சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்) போலக் காட்டும் பெயிண்ட் வேலையைப் பற்றி கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறவை இவை. வேலை நடக்கிற வீட்டில் நின்றுகொண்டு கேட்டதும் உண்டு, பெயிண்ட் கடையில் பில் போடும்போது கேட்டதும் உண்டு.

ஏனுங்க, இது கடையில் விற்கிற டெக்ஸ்சர் பெயிண்ட்தானே?

டெக்ஸ்சர் இதில் பாதி வேலைதான். டப்பாவில் வருகிற டெக்ஸ்சர் சுவர் முழுக்க ஒரே மேடுபள்ளத்தைத் தரும், ரோலர் எங்கே உருண்டாலும் அதே புள்ளி, அதே சுழி. பழைய சுவர் அப்படி இருக்காது. ஓரிடம் சொரசொரவென்று இருக்கும், கையெட்டும் தூரத்திலேயே இன்னோரிடம் வழவழவென்று இருக்கும், நிறமும் ஒன்றுக்கு அடியில் ஒன்றாக எட்டிப் பார்க்கும். மேடுபள்ளம், மெல்லிய நிற அடுக்குகள், தேய்மானம் மூன்றும் சேர்ந்தால்தான் அது பழமை. முதலாவதை மட்டும் செய்துவிட்டு மேலே பழுப்பு அடித்தால் ஹோட்டல் வரவேற்பறை மாதிரி ஆகிவிடும்.

எங்கே தேய்க்க வேண்டும், எங்கே கறையாக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியமான கேள்வி, ஆனால் இதைக் கேட்பவர்கள் குறைவு. காங்கேயம், தாராபுரம் பக்கம் பழைய தொட்டிக்கட்டு வீடு ஏதாவது தெரிந்தவர்களுக்கு இருந்தால், போய் ஆசாரத்து, அதாவது கூடத்து, சுவரை ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். ஆட்கள் முதுகு சாய்ந்து உட்கார்ந்த உயரத்தில் ஒரு பட்டை எண்ணெய் ஏறிப் பழுப்பாக மினுங்கும், அதற்கு மேலே அதே சுண்ணாம்பு வெளுத்துப்போய்த் தொட்டால் கையில் பொடியாக ஒட்டும். விளக்கு மாடத்துக்கு மேலே புகை ஏறிய தடம் இருக்கும், அதுவும் நேராக இல்லாமல் காற்று வந்த பக்கத்துக்கு எதிராகச் சாய்ந்து போயிருக்கும். கீழே காவிப்பட்டை, தரை கழுவிக் கழுவித் தண்ணீர் தெறித்த இடங்களில் மட்டும் மங்கியிருக்கும். ஓட்டுக்கு அடியில் மழை ஒழுகிய கோடு. காரை பெயர்ந்த விளிம்பைக் கிட்டப் பார்த்தால் வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை, பச்சை டிஸ்டெம்பர் என்று அடுக்குகளை எண்ணலாம்.

அந்தச் சுவரில் காரணமில்லாத கறை ஒன்றுகூட இருக்காது. கை பட்டது, முதுகு பட்டது, தண்ணீர் பட்டது, வெயில் பட்டது, அவ்வளவுதான். அதனால் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் பென்சிலை எடுங்கள். சோஃபா எங்கே வரும், கதவைத் திறந்தால் கை எங்கே படும், ஜன்னல் வெயில் எந்த இடத்தில் விழும் என்று சுவரில் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். தேய்மானம் அங்கே வரட்டும். மூலைகளும் கூரைக்கு அடியில் ஒரு சாணும் கொஞ்சம் இருட்டாக இருக்கட்டும், ஏனென்றால் அங்கே யார் கையும் போகாது. கண்ணை மூடிக்கொண்டு அங்கங்கே ஸ்பாஞ்சால் ஒற்றி வைத்தால் அது அம்மை போட்ட சுவராகத்தான் தெரியும்.

புது வீடு. பூசி முடித்ததும் ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். சிமெண்ட் பூச்சு நன்றாக ஆறிக் காய 28 நாளாவது விடுங்கள், மழைக்காலம் என்றால் இன்னும் கூட. நம் பக்கம் நிறைய வீடுகள் போர் தண்ணீரில்தான் கட்டப்படுகின்றன, அது உப்புத்தண்ணீராக இருந்தால் சுவர் காயக் காய உப்பு வெளியே பூக்கும். புட்டிக்கு (பெயிண்ட்டுக்கு அடியில் சுவரை மட்டமாக்கப் பூசுவது) மேலே வந்த பிறகு அதை ஒன்றும் செய்ய முடியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பெயிண்ட் கலக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டாம், சிறுவாணியோ பவானியோ குடிக்கிற தண்ணீர் எதுவோ அதில் கலக்குங்கள்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளை வெட்டி நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. பாத்ரூமுக்கு அடுத்த சுவர் என்றால் இதை அவசியம் செய்யுங்கள். ஓதம் ஏறுகிற சுவரை மறைக்கத்தான் இந்த டிசைன் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்கு இது சரிப்படாது, ஆறு மாதத்தில் பெயிண்டோடு புட்டியும் சேர்ந்து பொரிந்து விழும்.

ஏற்கெனவே புட்டி, எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்) எல்லாம் அடித்த சுவர். அதன்மேலேயே செய்யலாமா?

தாராளமாக. 120 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகிற வரைக்கும் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஒரு கை பிரைமர் அடித்துவிட்டு ஆரம்பியுங்கள். அடியில் பழைய எண்ணெய் பெயிண்ட் இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பெயிண்ட்டில் என்ன இருக்கிறதென்று சொல்ல முடியாது. அதைக் காய்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. புட்டி தேய்க்கும்போதும் மூக்கில் கர்ச்சீப் கட்டினால் போதாது, என்95 மாஸ்க் போடுங்கள்.

புட்டியில் அந்த மேடுபள்ளம் எப்படி வரும்?

சாதா வெள்ளை சிமெண்ட் புட்டியே போதும். சுவரை லேசாக நனைத்து, முதல் கையை வழக்கம்போல மட்டமாக இழுத்துவிடுங்கள். அது காய்ந்ததும் இரண்டாவது கை, இதில்தான் வேலை இருக்கிறது. புட்டியைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்துகொண்டு, கரணையின் (பூசுகிற கரண்டி) ஒரு முனையை மட்டும் அழுத்தி, அரைவட்டமாக, ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு திசையில் போகிற மாதிரி இழுங்கள். அங்கங்கே அடிச்சுவர் தெரிய இடம் விடுங்கள். கை பழக்கத்தில் ஒரே வளைவு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், அதைக் கவனித்து உடைக்க வேண்டும், சில பேர் இதற்காகவே இடது கையால் இழுப்பார்கள்.

பூச்சு பாதி இறுகி, விரல் வைத்தால் ஒட்டாமல் பள்ளம் மட்டும் விழுகிற பதத்தில், சுத்தமான ஈரக் கரணையைப் படுக்க வைத்து மேடுகளின் தலையை மட்டும் தடவி விடுங்கள். கூராக நின்ற விளிம்பெல்லாம் படுத்து, காலத்தில் தேய்ந்த மாதிரி ஆகும். இந்தப் பதம் வெயில் காலத்தில் சட்டென்று போய்விடும், ஆகவே சுவர் முழுக்கப் பூசிவிட்டுத் திரும்பி வரலாம் என்று இருக்காதீர்கள், நாலு அடி பூசியதும் அதைத் தடவுங்கள். கலந்த புட்டியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இறுகியதில் தண்ணீர் விட்டுப் பிசைந்து பூசினால் மாவாக உதிரும்.

ரொம்ப ஆழமான பள்ளம் வேண்டும் என்று சாதா புட்டியை ஒரே கையில் தடிமனாக அப்பினால் வெடிக்கும். அந்த மாதிரி ஆழத்துக்கு அதற்கென்று வருகிற கொரகொரப்பான புட்டி தனியாக இருக்கிறது.

நிறம் ஏற்றுவதை விவரமாகச் சொல்லுங்க.

பிரைமருக்கு அப்புறம் அடி நிறம் இரண்டு கை, இதற்கு லேசான மினுமினுப்புள்ள எமல்ஷன் எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் மேலே போடுகிற கிளேஸ் உடனே உறிஞ்சப்படாமல் துடைக்க நேரம் கொடுக்கும். அடி நிறம் சுண்ணாம்பு வெள்ளை, தந்த நிறம், வெளிர் காவி இந்த வகையில் இருந்தால் நல்லது. ஒரு இரவு காயட்டும்.

கிளேஸ் என்பது நிறமில்லாத, மெதுவாகக் காய்கிற ஒரு ஊடகம். ஒரு பங்கு எமல்ஷனுக்கு நாலு பங்கு கிளேஸ் என்று கலந்தால் நிறம் கண்ணாடி போல மெல்லியதாக உட்காரும். அதில் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஸ்டெய்னர், அதாவது நிறம் சேர்க்கிற திரவம், கொஞ்சம், கூடவே துளி பச்சையோ நீலமோ. கறுப்பைத் தொடாதீர்கள், கறுப்பு விட்டால் அழுக்குதான் தெரியும், வயது தெரியாது.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூன்றடிக்கு மூன்றடி அளவில் பிரஷ்ஷைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிப் பூசிக்கொண்டே போக, அடுத்தவர் பின்னாலேயே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வர வேண்டும். பள்ளத்தில் நிறம் தங்கும், மேட்டில் போய்விடும். விளிம்பை நேர்கோடாக நிறுத்தாமல் பிசிறு பிசிறாக விட்டு, அது ஈரமாக இருக்கும்போதே அடுத்த பகுதியைத் தொட்டுவிடுங்கள். ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலைக்கு மூலை முடிக்காமல் டீ குடிக்கப் போகக்கூடாது, போனால் நின்ற இடத்தில் இருட்டுக் கோடு விழும், அது போகாது.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது கோவை, பொள்ளாச்சி பக்கம் இந்த வேலை செய்வதாக இருந்தால் மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள். இல்லையென்றால் துணி எடுப்பதற்குள் கிளேஸ் காய்ந்திருக்கும்.

முதல் கிளேஸ் காய்ந்ததும் வேறு நிறத்தில், இன்னும் மெல்லியதாக ஒன்று போடலாம். கடைசியாக, அடி நிறத்தைவிட வெளுத்த ஒன்றை ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷில் தொட்டு மேடுகளின்மேல் மட்டும் இழுத்தால் சுண்ணாம்பு பூத்த மாதிரி வரும். கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். மறுநாள் காலையில் பார்த்தால் சரியாக இருக்கும்.

பெயிண்ட் உரிந்து அடி நிறம் தெரிகிற மாதிரி வேண்டும்.

அடி நிறம் காய்ந்ததும், உரிய வேண்டிய இடங்களில் மட்டும் மெழுகுவத்தியை அழுத்தித் தேயுங்கள். அதன்மேல் அடுத்த நிறத்தை அடித்து, காய்ந்தபின் புட்டி பிளேடால் சுரண்டினால் மெழுகு இருந்த இடம் மட்டும் பொருக்காக உரிந்து வரும். நீலத்துக்கு மேல் வெள்ளை, பச்சைக்கு மேல் காவி, இந்த இரண்டும் நம் ஊர்ச் சுவர்களில் நம்பும்படி இருக்கும்.

வெடிப்பு விட்ட மாதிரி வேண்டுமென்றால் அடி நிறத்துக்கு மேல் ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையைப் பூசி, அது பிசுபிசுவென்று இருக்கும்போதே மேல் நிறத்தை ஒரே இழுப்பில் அடிக்க வேண்டும். திரும்ப பிரஷ் படக்கூடாது. மேல் நிறம் தடிமனாக இருந்தால் பெரிய வெடிப்பு, மெல்லியதாக இருந்தால் மயிரிழை வெடிப்பு. ஆனால் இதை முழுச் சுவருக்குச் செய்யாதீர்கள். கதவு, அலமாரி, சின்னச் சட்டம் போதும். சுவர் முழுக்க வெடித்திருந்தால் வருகிறவர்கள் ‘கட்டடத்துக்கு ஏதாவது ஆச்சுங்களா’ என்றுதான் கேட்பார்கள்.

துடைக்க எந்தத் துணி நல்லது?

திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா. பனியன் வேஸ்ட்தான் (பனியன் கம்பெனியில் மிஞ்சுகிற துணித்துண்டு), எடை போட்டு வாங்கலாம். ஆனால் வெள்ளைத் துண்டாகப் பொறுக்கி வாங்குங்கள், கலர் துண்டு சாயம் விட்டால் சுவரில் ஏறிவிடும். பனியன் துணியைக் கசக்கி உருட்டி ஒற்றினாலும் நல்ல வடிவம் வரும், உருண்டையை அடிக்கடி மாற்றிக் கசக்க வேண்டும்.

சாயப்பட்டறைச் சாயத்தையே தண்ணீரில் கரைத்துச் சுவரில் அடித்தால் என்ன என்றும் ஒரு கேள்வி வரும். துணிச்சாயம் நூலைப் பிடித்துக்கொள்வதற்கென்று செய்தது, சுவரில் அதற்குப் பிடிமானம் கிடையாது, ஈரம் பட்டால் கசியும், வெயில் பட்டால் வெளுக்கும். சுவருக்குப் பொடி நிறமிதான் சரி.

சுண்ணாம்பில் மஞ்சள் தூள் கலந்தால் இயற்கையான மஞ்சள் வராதுங்களா? ஈரோட்டில் மஞ்சளுக்கா பஞ்சம்!

ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடும், சுவரிலும் அதேதான் நடக்கும். அந்தச் சிவப்பும் நிற்காது, மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். மஞ்சள் வேண்டுமென்றால் மஞ்சள் காவி, சிவப்புக்குச் செங்காவி அல்லது ரெட் ஆக்சைடு. இவை இரும்பு ஆக்சைடு என்பதால் சுண்ணாம்பின் காரத்துக்கும் வெயிலுக்கும் அசையாது. துணிக்குப் போடுகிற பழைய நீலப் பொடியும் சுண்ணாம்பில் நிற்கும், அதனால்தான் வெள்ளையடிக்கிறவர்கள் அதைச் சேர்த்தார்கள். பிரஷ்யன் நீலம் என்று விற்பது மட்டும் வேண்டாம், சுண்ணாம்பில் அதன் நிறம் செத்துவிடும்.

பெயிண்ட்டே இல்லாமல் நிஜச் சுண்ணாம்பிலேயே செய்யலாமா?

செய்யலாம், என்னைக் கேட்டால் அதுதான் அழகு. மதுக்கரை, சங்ககிரி எல்லாம் சுண்ணாம்புக்கல் பூமி, நமக்கு இது ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை. ஆனால் புட்டி போட்ட சுவரிலும் எமல்ஷன் சுவரிலும் சுண்ணாம்பு நிற்காது, உரியும். காரைப் பூச்சு அல்லது வெறும் சிமெண்ட் பூச்சு வேண்டும்.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது (தண்ணீரில் போட்டுக் கரைய விடும்போது) தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் கிட்டப் போகக்கூடாது. கண்ணில் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் நீண்ட நேரம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு வழவழப்பு. துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாகப் பல கை அடிக்க வேண்டும். நிறமி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும். அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது, ஈரத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாக மாற மாறத்தான் வெள்ளை ஏறும். அந்த மேகம் மேகமான திட்டுகள் தானாகவே வருகின்றன, கிளேஸில் நாம் செய்வதெல்லாம் அதைப் பார்த்துக் காப்பியடிப்பதுதான்.

கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்ப்பது மேல்பூச்சுக்கு அடியில் போகிற சாந்துக்கு. முட்டை வெள்ளைக்கரு செட்டிநாட்டுப் பக்கத்துப் பூச்சு, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள், நாம் பேசுகிற மங்கல் வேலைக்கு அது தேவையில்லை.

எங்கள் பாட்டன் வீட்டில் நிஜமான பழைய சுவரே இருக்கிறது. அதை என்ன செய்ய?

ஒன்றும் செய்யாதீர்கள் என்பதுதான் முதல் பதில். காரைச் சுவரும் மண்சுவரும் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூச்சோ பிளாஸ்டிக் எமல்ஷனோ போட்டு அடைத்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் காரையைத் தள்ளிவிடும். தூசியை மெதுவாகத் துடைத்து, தட்டினால் பொத்தென்று ஓசை வருகிற இடங்களை மட்டும் எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தால் பொருத்தி, உதிர்கிற இடங்களில் நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பு ஒரு கை அடியுங்கள். காசு கொடுத்து ஊரெல்லாம் பொய்யாகச் செய்துகொள்கிற ஒன்றை நீங்கள் புட்டி போட்டு மறைத்தால் எனக்கு வயிறு எரியும்.

மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். ‘பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிப்பாங்களா, அழுக்காக்குவாங்களா அம்மணி’ என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வருடா வருடம் வெள்ளையடித்து வளர்ந்தவருக்கு இது கறைதான். ஹாலில் ஒரே ஒரு சுவர் என்று பேசி முடியுங்கள், பூஜை அறைப் பக்கமும் வாசல் பக்கமும் பளிச்சென்று விட்டுவிடுங்கள். அதோடு இரண்டடிக்கு மூன்றடி பிளைவுட்டில் புட்டி பூசி முதலில் மாதிரி செய்து, சுவரில் சாய்த்து நாலைந்து நாள் வையுங்கள். கலவை அளவைப் பலகையின் பின்னால் எழுதிவைத்தால் பிறகு நிறம் மாறாமல் கலக்கவும் உதவும்.

சமையலறையில் போடலாமா?

அடுப்புக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம். தாளிக்கிற எண்ணெய் பள்ளத்தில் இறங்கினால் எடுக்க முடியாது. நூல் மில், தறி ஓடுகிற இடத்துக்குப் பக்கத்து வீடு என்றால் பஞ்சுத் தூசி சொரசொரப்பில் ஒட்டும், அங்கே மேடுபள்ளத்தைக் குறைத்து நிறத்தில் மட்டும் பழமை காட்டுங்கள். மேலே பூச்சு வேண்டுமென்றால் மேட் கிளியர் கோட், தண்ணீர் வகை, கை படுகிற உயரத்துக்கு மட்டும். பளபளப்பான வார்னிஷ் அடித்தால் மொத்த வேலையும் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

விளக்கு எப்படி வைக்கலாம்?

சுவரை உரசிக்கொண்டு மேலிருந்து விழுகிற மஞ்சள் வெளிச்சம். எதிரே வெள்ளை டியூப்லைட் இருந்தால் மேடுபள்ளம் தட்டையாகத் தெரியும். வேலை நடக்கும்போதே டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள், கரணைத் தடம் எல்லாம் வெளியே வந்துவிடும்.

பெயிண்டர் சதுர அடிக் கணக்கில் ரேட் சொல்கிறார். என்ன கேட்க வேண்டும்?

புட்டி, பிரைமர், அடி நிறம் சேர்த்தா, மேல் வேலை மட்டுமா என்று கேளுங்கள், சண்டை பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. கதவு ஜன்னலைக் கழித்து அளக்கிறாரா என்பதும், மாதிரிப் பலகை செய்து காட்டுவாரா என்பதும் அடுத்தது. மாதிரி செய்யச் சலித்துக்கொள்கிறவரிடம் சாதாப் பெயிண்ட் வேலையை மட்டும் கொடுங்கள். நிறம் ஏற்றுகிற நாளில் ஆளை மாற்றக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஒவ்வொருவர் துடைக்கும் கையும் வேறு, பாதிச் சுவரில் ஆள் மாறினால் பார்த்தவுடன் தெரியும்.

நாலைந்து வருடத்தில் சலித்துப் போனால்?

எமல்ஷன், கிளேஸ் வேலையை மாற்றுவது சுலபம். மேடுகளை உப்புத்தாளால் தட்டி, மட்டமாக ஒரு கை புட்டி இழுத்து, பிரைமர் அடித்தால் சாதாச் சுவராகிவிடும். மெழுகு தேய்த்த இடங்களை மட்டும் முதலில் சுரண்டி டர்பன்டைனால் துடைத்துவிடுங்கள், மிச்சமிருந்தால் புதுப் பெயிண்ட் பிடிக்காது. நிஜச் சுண்ணாம்பு அடித்த சுவரில் அதன்மேலேயே எமல்ஷன் அடிக்க நினைத்தால் இரும்புப் பிரஷ்ஷால் பொடியெல்லாம் போகிறவரை தேய்க்க வேண்டியிருக்கும். அதற்கு இன்னொரு கை சுண்ணாம்பே அடித்துவிடலாம், செலவும் குறைவு.